அண்ணியின் மூக்குக்கு ஒரு தோட்டம்

சிலருக்குக் குரல் சொத்து. சிலருக்குக் கைவேலை சொத்து. இந்தக் கதைக்கு உரியவளுக்கு மூக்குதான் சொத்து. ஒரு தொழிற்சாலைக் கேண்டீனில் பெரிய அடுப்பு அவள் பொறுப்பு. அங்கே அவளுக்குப் பெயர் சமையலக்கா. வீட்டில் அவளை நாள் முழுக்கக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பவள் நாத்தனார் என்பதால், நாமும் அண்ணி என்றே வைத்துக்கொள்வோம்.

அந்த மூக்கைப் பற்றிச் சும்மா சொல்லக்கூடாது. கேண்டீன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "உள்ள யாரு? பருப்பு அடிபிடிக்கப் போகுது, தீயக் குறைங்க" என்பாள். உள்ளே இருப்பவள் கிண்டிப் பார்த்தால் அடியில் அப்போதுதான் லேசாக ஒட்ட ஆரம்பித்திருக்கும். எண்ணெய்க்காரர் ஒருமுறை பழைய எண்ணெயைப் புது டின்னில் ஊற்றிக் கொண்டுவந்து மாட்டிக்கொண்டார். அண்ணி மூடியைத் திருகினாள், உடனே மூடினாள். "அண்ணே, இந்த எண்ணெய் ஏற்கெனவே ஒரு கல்யாணத்துல வேலை பாத்துட்டு வந்திருக்கு. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றாள். அதற்கப்புறம் அந்த மனிதர் நல்ல சரக்கைத் தவிர வேறெதையும் அந்த வாசலில் இறக்கியதில்லை.

அப்படிப்பட்ட மூக்கை ஒரு காய்ச்சல் கொண்டுபோயிற்று. யாருக்கும் வருகிற காய்ச்சல்தான். படுத்தாள், எழுந்தாள், உடம்பு தேறியது. எழுந்த அன்று கணவர் டீ போட்டுக் கொடுத்தார். சூடு தெரிந்தது, இனிப்பு தெரிந்தது, டீயைத்தான் காணோம். "என்னங்க, தூள் போட மறந்துட்டீங்களா?" என்று கேட்டாள். அவர் டம்ளரை வாங்கி எட்டிப் பார்த்து, "நல்லா கறுப்பாத்தானே இருக்கு" என்றார். தொழிற்சாலை ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ்ஸுக்கு அவர் டிரைவர். ரோட்டில் ஹாரன் அடிப்பதோடு சரி, வீட்டுக்குள் அவரிடமிருந்து சத்தமே வராது.

தானாகச் சரியாகிவிடும் என்று அண்ணி யாரிடமும் மூச்சு விடாமல் வேலைக்குப் போனாள். உப்பும் புளிப்பும் கசப்பும் நாக்குக்குத் தெரிந்துகொண்டுதான் இருந்தன. வாசனை என்று ஒன்று உலகத்தில் இருந்ததற்கான அடையாளமே இல்லை. ஒரு மத்தியானம் பருப்பு அண்டா அடியோடு கருகிப்போய், சாப்பாட்டு வரிசையில் நின்றவர்கள் எல்லாம் மூக்கைப் பிடித்துக்கொண்டிருக்க, அண்ணி அதே அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து நிம்மதியாகக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். யானைக்கும் அடி சறுக்கும் என்று சிரித்து மறந்திருப்பார்கள், மறுநாளும் அது நடக்காமல் இருந்திருந்தால்.

மேனேஜர் நல்ல மனிதர். ஓரமாகக் கூப்பிட்டுத்தான் கேட்டார். அண்ணியும் மறைக்காமல் சொன்னாள்.

"அக்கா, நீங்க இப்போதைக்கு காய் நறுக்குற பக்கம் போங்க. அடுப்புக்கு தற்காலிகமா ஒரு ஆளப் போட்டுக்கறேன். வருஷக் கடைசி வரைக்கும் நான் தள்ளிப் பாப்பேன். அதுக்கு மேல என் கையில இல்ல. நிரந்தரமா ஆள் எடுக்கச் சொல்லுவாங்க."

காய் நறுக்குவது ஒன்றும் கேவலமான வேலை இல்லை. ஆனால் அண்ணி அந்தக் கேண்டீனில் காய் நறுக்குகிறவளாகச் சேர்ந்து, அப்பளம் பொரிக்கிற மாதிரிச் சின்னச் சின்ன வேலையெல்லாம் பார்த்து, படிப்படியாக அந்தப் பெரிய அடுப்பைப் பிடித்தவள். ஏறிய படிகளில் இறங்கிப் போய் ஆரம்பத்திலேயே உட்காருவது எப்படி இருக்கும் என்று ஏறியவர்களுக்குத்தான் தெரியும். இன்னொருத்தி தன் கரண்டியைப் பிடித்துக் கிண்டுவதைப் பார்க்காமல் இருக்கச் சுவர் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து நறுக்கினாள்.

மூக்கு டாக்டரைப் போய்ப் பார்த்தார்கள். அவர் விளக்கு வைத்துப் பார்த்துவிட்டு, "நரம்பு சோர்ந்து கிடக்கு. தினமும் காலையும் சாயங்காலமும் நல்ல வாசனையுள்ள பொருள மூக்குகிட்ட வச்சு, அதோட வாசனைய மனசுல நினைச்சு மெதுவா மோந்து பாருங்க. வரலாம்மா. நாளாகும். வராமலும் போகலாம், பொய் சொல்ல விரும்பல" என்றார். துணைக்குப் போயிருந்த நாத்தனாருக்கு "வரலாம்" என்ற சொல் மட்டும்தான் காதில் விழுந்தது. அதற்குப் பின்னால் வந்ததை அவள் வாங்கிக்கொள்ளவே இல்லை.

இந்த நாத்தனாரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அக்கம்பக்கத்தில் அவளுக்கு ஊசி என்று பெயர். தையல்காரி என்பதால் பாதி, நாக்கினால் பாதி. கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல் ஒரு நாள் ஒரு பெட்டியும் ஒரு தையல் மெஷினுமாக அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். என்ன ஆச்சு, ஏன் வந்தாய், எப்போது போவாய் என்று கேட்க ஊரே தயாராக இருந்தது. கதவைத் திறந்த அண்ணி கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மெஷின எங்க போடலாம்? ஜன்னல் பக்கம் வெளிச்சம் நல்லா இருக்கும், அங்கயே போட்டுக்கறியா?" அன்றோடு சரி. இத்தனை வருஷமாக அந்த மெஷின் ஜன்னலோரமாகவே ஓடிக்கொண்டிருந்தது. ஊசி இதைப் பற்றி ஒரு நாளும் நன்றி என்று வாய் திறந்து சொன்னதில்லை. சொல்ல வராது, பிறவி அப்படி.

டாக்டரிடமிருந்து திரும்பும்போதே ஊசி திட்டம் போட்டுவிட்டாள். "வாசன பாட்டில் எல்லாம் வேணாம் அண்ணி. அதுல என்ன எழவ ஊத்தி வச்சிருக்கானோ. பறிச்ச உடனே கசக்குற இலையில இருக்குற வாசன எதுலயும் வராது. நாமளே வளப்போம்."

"நீ செடி வளத்திருக்கியா?"

"துணி தைக்கக் கத்துக்கிட்டுதான் பொறந்தேனா?"

அவர்கள் வீடு மாடியில். வெயில் வருவது ஒரே ஒரு பக்கம்தான்: அந்த ஜன்னலும் அதை ஒட்டிய சின்னப் பால்கனியும். மறுநாள் அண்ணி வேலையிலிருந்து வந்து பார்த்தால் தையல் மெஷின் உள்ளே இருட்டு மூலைக்குப் போயிருந்தது, மேலே ஒரு டியூப் லைட்டோடு. ஜன்னலோரம் முழுக்கக் காலியான பெயின்ட் வாளிகள், அடியில் ஓட்டை போட்டு வரிசையாக நின்றன. "வெளிச்சம் இல்லாம எப்படிடி தைப்ப?" என்று அண்ணி பதறினாள். "செடிக்குக் கண்ணு இல்ல, எனக்கு இருக்கு. நான் லைட்டப் போட்டுக்குவேன், அது போட்டுக்குமா?" என்றாள் ஊசி.

சந்தையில் வாங்கிய புதினாக் கட்டில் இலையை ஆய்ந்துவிட்டுத் தண்டுகளை ஒரு வாளியில் நட்டாள். கற்பூரவல்லியை ஒரு வாடிக்கைக்காரி வீட்டிலிருந்து ஒடித்துக்கொண்டு வந்தாள். தனியாவைச் செருப்பால் தேய்த்து இரண்டாக உடைத்துத் தூவினாள். சமையலறையில் முளைவிட்டுக் கிடந்த இஞ்சியை மண்ணுக்குள் தள்ளினாள். எலுமிச்சைப்புல் கீழ்வீட்டு எலக்ட்ரீஷியன் மாமா கொண்டுவந்து கொடுத்தது. மனைவி போன பிறகு தனியாக இருக்கும் அவர், கையில் டெஸ்டரை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் எல்லா விஷயத்திலும் யோசனை சொல்லுவார், பாதி சரியாகவும் இருக்கும்.

கடை உரம், பூச்சி மருந்து எதுவும் கிட்ட வரக்கூடாது என்பது ஊசியின் சட்டம். "மோந்து பாக்கப்போறது எங்க அண்ணி. அதுல போய் விஷத்த அடிப்பேனா?" அரிசி களைந்த தண்ணீர் செடிக்கு. வெங்காயத்தோல் ஊறிய தண்ணீர் செடிக்கு. அண்ணி கேண்டீனிலிருந்து தினமும் ஒரு பை நிறையக் காய்த்தோல் கொண்டுவருவாள். அதை மண்ணோடு அடுக்கி மூடி வைத்தால் மழைக்காலம் முடிவதற்குள் கறுப்பான எருவாகியிருக்கும். அவமானம் என்று நினைத்து நறுக்கிய காயின் தோல் இப்படி உதவுகிறதே என்று அண்ணிக்கு ஒரு நாள் சிரிப்பே வந்துவிட்டது. மாவுப்பூச்சி வந்தபோது ஊசி வேப்பெண்ணெயையும் சோப்புத் தண்ணீரையும் கலந்து, தைத்து மிஞ்சிய துணியால் ஒவ்வொரு இலையாகத் துடைத்தாள். பிள்ளைக்கு மூக்கு துடைத்துவிடுகிற மாதிரி.

செடிகள் வந்தன. நம்பமுடியாத அளவுக்கு வந்தன. டிரைவருக்கு வறட்டு இருமல் வந்தபோது கற்பூரவல்லி இலையைக் கொதிக்கவைத்துத் தேன் விட்டுக் கொடுத்தார்கள், தொண்டைக்கு இதமாக இருந்தது. வயிறு உப்புசம் என்றால் புதினாவும் இஞ்சியும். எலுமிச்சைப்புல் போட்ட டீக்காக எலக்ட்ரீஷியன் மாமா தினம் ஒரு சாக்கோடு மாடியேறினார். பக்கத்து வீட்டம்மா சர்க்கரை வியாதிக்கு இலை கேட்டபோது மட்டும் ஊசி கையை விரித்துவிட்டாள். "அதுக்கு நான் ஆளில்லக்கா. மாத்திரைய ஒழுங்கா போடுங்க. சளி இருமல்னா வாங்க, பேசுவோம்."

எல்லோருக்கும் ஏதோ ஒன்று கொடுத்த அந்தச் செடிகள் யாருக்காக வளர்ந்தனவோ அவளுக்கு மட்டும் ஒன்றும் கொடுக்கவில்லை.

தினமும் காலையில், பஸ் கிளம்புவதற்கு முன்னால், அண்ணி பால்கனியில் முக்காலி போட்டு உட்காருவாள். "கண்ண மூடுங்க அண்ணி" என்று சொல்லி ஊசி ஓர் இலையைப் பறித்து அவள் கையில் வைப்பாள். அண்ணி அதைக் கசக்கி மூக்குக்குக் கொண்டுபோவாள். மனதில் வாசனையை நினைத்துப் பார்ப்பாள். நினைப்பு வரும், வாசனை வராது. "இல்லடி" என்பாள். "பரவால்ல, நாளைக்கு வரும்" என்பாள் ஊசி. சாயங்காலமும் இதே பாட்டுதான். வாரங்கள் போயின. ஊசியின் "நாளைக்கு வரும்" கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் குறைந்துகொண்டே வந்தது.

ஒரு நாள் காலையில் ஊசி இலையோடு வந்து நின்றபோது அவள் கண் இரண்டும் சிவந்து, இமை தடித்திருந்தது. முந்தின நாள் முழுக்க டியூப் லைட்டுக்குக் கீழே கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் தைத்திருக்கிறாள். "கண்ண மூடுங்க அண்ணி" என்றாள். குரலே களைத்திருந்தது. அண்ணி கண்ணை மூடினாள். கையில் விழுந்த இலை சுருக்கம் சுருக்கமாக, ஓரம் பல் பல்லாக இருந்தது. எத்தனை வருஷம் கட்டுக்கட்டாக ஆய்ந்த விரல்கள் அவை! மூக்கு எதற்கு?

"புதினா" என்று வாய் சொல்லிவிட்டது.

ஊசி கத்திய கத்தலில் எலக்ட்ரீஷியன் மாமா யாருக்கோ ஷாக் அடித்துவிட்டது என்று ஓடி வந்தார். "வந்துடுச்சு மாமா, அண்ணிக்கு வந்துடுச்சு!" அடுத்த இலை தடியாக, மெத்தென்று பூனை முடியோடு இருந்தது. "கற்பூரவல்லி." அடுத்தது நீளமாக, விரலை அறுக்கிற மாதிரி. "எலுமிச்சைப்புல்." ஊசி அழுதுகொண்டே சிரித்தாள். ஒரு நாளும் யாரையும் தொட்டுப் பேசாதவள் அண்ணியைக் கட்டிக்கொண்டாள். இப்போது போய் எப்படிச் சொல்வது? நீங்களே சொல்லுங்கள்.

ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் வேண்டும். அண்ணி தினமும் இரண்டு வேளை பொய் சொன்னாள். டிரைவர் வாயே திறக்காத மனிதர்தானே என்று நம்பியிருந்தாள். அவரோ மனைவி விஷயத்தில் மட்டும் ரேடியோவாகிவிட்டார். பஸ்ஸில் ஏறிய மேனேஜரிடம் முதல் வேலையாகச் சொல்லிவிட்டார். மேனேஜர் சந்தோஷமாக, "அப்படியா! வர்ற திங்கக்கிழமையே அக்காவ அடுப்புக்கு வரச் சொல்லுங்க. தற்காலிக ஆளுக்குக் கணக்க முடிச்சிடறேன்" என்றார். பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி எல்லோருக்கும். அண்ணி மட்டும் திங்கட்கிழமைக்கு இன்னும் எத்தனை நாள் என்று எண்ண ஆரம்பித்தாள்.

இதற்கு நடுவில்தான் அந்த மீன் சமாசாரம். செடிக்கு மீன் கரைசல் விட்டால் இலை தளதளவென்று வரும், வாசனையும் தூக்கும் என்று எலக்ட்ரீஷியன் மாமா சொல்லியிருந்தார். மீன் கழிவு எவ்வளவோ அதே அளவு வெல்லம் போட்டு, ஜாடியில் மூடி, மாதக்கணக்கில் ஊறவிட வேண்டும். ஒழுங்காகச் செய்தால் பழ வாசனைதான் வருமாம். ஊசி மீன்காரியிடம் தலையும் குடலும் வாங்கி வந்தாள். வெல்லத்தை எடுத்தாள். எடுத்தவளுக்குப் போட மனசு வரவில்லை. "மனுஷன் திங்கற வெல்லத்த இவ்வளவும் மீன் குடலுக்கா?" என்று ஒரு கட்டியை மட்டும் உள்ளே போட்டுவிட்டு மிச்சத்தை டப்பாவில் வைத்துவிட்டாள். துணி வெட்டும்போது மிச்சம் பிடிக்கிற கை, வேறெப்படிச் செய்யும்? பிளாஸ்டிக் ஜாடியைப் புதினா வாளிக்குப் பின்னால் தள்ளிவிட்டு மறந்தும் போனாள். உள்ளே அது ஊறவில்லை, அழுகியது.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்தின ஞாயிறு. டிரைவர் பஸ்ஸுக்கு டயர் மாற்றப் போயிருந்தார். ஊசி தைத்த துணியைக் கொடுத்துவரப் போயிருந்தாள். அண்ணிக்கு வீட்டுக்குள் இருப்பே கொள்ளவில்லை. நாளைக்கு அடுப்பு. நாளைக்கு அண்டா. அவள் ஒரு கூடை பீன்ஸை எடுத்துக்கொண்டு பால்கனியில் போய் முக்காலியில் உட்கார்ந்தாள். தரை ஈரமாக இருந்தது. ஊசி செடிக்குத் தண்ணீர் விட்டிருக்கிறாள் என்று நினைத்து, காலை நன்றாக நீட்டிக்கொண்டு நறுக்க ஆரம்பித்தாள்.

ஜாடியின் அடி வெடித்துக் கசிந்திருந்தது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

முதலில் எதிர்வீட்டு ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது. பிறகு பக்கத்து வீட்டுக் கதவு. கீழே எலக்ட்ரீஷியன் மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வாசலுக்கு ஓடி வந்து, "யாரு வீட்டுலங்க இது? எலி செத்துச்சா, ஆளே செத்துட்டானா?" என்று கத்தினார். அண்ணி எட்டிப் பார்த்து, "என்ன மாமா, எங்க?" என்று கேட்டாள். அவர் பதில் சொல்ல வாயைத் திறந்து, திறந்தது தப்பென்று மூடிக்கொண்டார்.

தெருமுனையிலேயே மூக்கைப் பொத்திக்கொண்ட ஊசி படியேறி ஓடி வந்தாள். பால்கனிக் கதவில் நின்றவள் அப்படியே நின்றாள். பழுப்புத் தண்ணீர் தரையெல்லாம் ஓடிக் கிடக்க, அதற்கு நடுவில் இரண்டு காலையும் நனைத்துக்கொண்டு, அண்ணி பாட்டு முனகிக்கொண்டே பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வந்துட்டியா? மாமா என்னமோ எலி எலின்னு கத்துறாரு, என்னன்னு பாரேன்."

ஊசி மூக்கை மூடிய கையை எடுக்காமல் அண்ணியின் காலடியையே பார்த்தாள். அண்ணி அவள் முகத்தைப் பார்த்தாள், மூக்கை மூடியிருந்த கையைப் பார்த்தாள், காலடியைப் பார்த்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துப் பார்த்தாள், பூசணிக்காய் எழுந்து உட்கார்ந்துவிட்டது.

"வரவே இல்லையா அண்ணி?" என்று ஊசி கேட்டாள்.

அண்ணி இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"எப்படிச் சொன்னீங்க அப்ப, ஒவ்வொண்ணையும்?"

அண்ணி ஈரக்கையைத் தூக்கி விரல்களைக் காட்டினாள்.

ஊசி தலையில் அடித்துக்கொண்டாள். "துணியத் தொட்டே பருத்தியா நைலானான்னு சொல்றவ நான். உங்க கையிலயே இலையக் குடுத்துட்டு மூக்கக் கேட்டிருக்கேனே, எனக்கு அறிவு இருக்கா!" பிறகுதான் கோபம் வந்தது. "நாளைக்கு அடுப்புல நிக்கப் போறீங்களே, கேஸ் கசிஞ்சா என்ன பண்ணுவீங்க? விரல வச்சுக் கண்டுபிடிப்பீங்களா? நீங்க எரிஞ்சு போனா நான் யாருகிட்டப் போய் நிப்பேன்?"

"உன் கண்ணு ரெண்டும் அன்னைக்குச் சிவந்து கிடந்துச்சுடி" என்று அண்ணி அழுதாள். "வெளிச்சத்த எனக்குக் குடுத்துட்டு இருட்டுல உக்காந்து தைக்கிற. அந்த முகத்தப் பாத்து இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல. கூடப் பொறந்தவ செய்வாளாடி இவ்வளவு?"

"வெளிச்சம் யாரு குடுத்தது மொதல்ல?" என்றாள் ஊசி. "நடுத்தெருவுல நின்னப்ப ஜன்னல் பக்கம் போட்டுக்கோன்னு சொன்னது யாரு? என் மனசு குளிரணும்னா நான் செடி வளத்தேன்? இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. ஆயிரம் தடவ சொல்லுங்க. நான் நாளைக்கு வரும்னு ஆயிரம் தடவ சொல்றேன். எனக்கு என்ன வேற வேலை?"

இரண்டு பேரும் அந்த அழுகல் தண்ணீரிலேயே நின்று அழுதார்கள். ஒருத்தி மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஒருத்தி பிடிக்காமல். வேலையிலிருந்து வந்த டிரைவர் வாசலில் நின்று, "இதென்ன வீடா, மீன் மார்க்கெட்டா?" என்று கேட்டார். அவர் அன்று பேசியது அவ்வளவுதான். விஷயத்தைக் கேட்டதும் பேசாமல் வாளியும் துடைப்பமும் எடுத்துக் கழுவ ஆரம்பித்துவிட்டார்.

திங்கட்கிழமை அண்ணி நேராக மேனேஜரிடம் போய் உண்மையைச் சொன்னாள். அவர் கோபப்படுவார் என்று நினைத்தாள். "நீங்களே வந்து சொன்னீங்களே, அதுக்கு நான்தான் நன்றி சொல்லணும்கா. ஆனா வருஷக் கடைசி வருஷக் கடைசிதான்" என்றார். அண்ணி கத்தியை எடுத்துக்கொண்டு காய்ப் பக்கம் போனாள். இந்த முறை சுவரைப் பார்த்து உட்காரவில்லை.

வீட்டில் புதுச் சட்டம். ஊசி அண்ணியின் கண்ணைத் துண்டால் கட்டுவாள், இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொள்ளச் சொல்லுவாள், இலையைத் தானே கசக்கி மூக்குக்கு அடியில் பிடிப்பாள். "என்னை என்ன, போலீஸ் ஸ்டேஷன்லயா வச்சிருக்க?" என்பாள் அண்ணி. "திருட்டு விரலு, நம்ப முடியாது" என்பாள் ஊசி. "இல்லடி." "நாளைக்கு வரும்." இப்போது அந்த "இல்ல" சொல்வதற்கு அண்ணிக்குப் பாரமாக இல்லை. பொய்யைச் சுமந்த நாட்களோடு பார்த்தால் இது பஞ்சு.

மீன் ஜாடியில் மிச்சமிருந்ததை ஊசி கொட்டவில்லை. "மீன் என்ன மரத்துலயா காய்க்குது?" என்று வேறு ஜாடிக்கு மாற்றினாள். ஒரு வாளித் தண்ணீருக்கு ஒரு மூடி போதும். ஆனால் அந்த ஒரு மூடியை யார் ஊற்றுவது? டிரைவர் ஒருமுறை முயன்று பஸ் நிறுத்தம் வரை ஓடிவிட்டார். ஊசி தலையைச் சாய்த்து அண்ணியைப் பார்த்தாள். "இந்த வீட்டுல அதுக்கு லாயக்கான ஆளு ஒருத்தர்தான் அண்ணி."

அப்படியாக அது அண்ணியின் வேலையாயிற்று. வாரம் ஒருமுறை எல்லோரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அண்ணி பாட்டு முனகிக்கொண்டு ஜாடியைத் திறப்பாள், கரைப்பாள், ஒவ்வொரு வாளிக்கும் ஊற்றுவாள். "என் மூக்கு போனது செடிக்காவது நல்லதாப் போச்சு" என்று சிரிப்பாள். புதினா வாளியை விட்டு வழிந்து தொங்கியது. எலுமிச்சைப்புல் ஜன்னலை மறைத்தது. எலக்ட்ரீஷியன் மாமா தன் யோசனையின் வெற்றி இது என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

வருஷக் கடைசி நெருங்கியது. தற்காலிக ஆளுக்கு நிரந்தர உடுப்பு தைக்க அளவெடுத்துவிட்டார்கள் என்று கேண்டீனில் பேச்சு. தைக்கும் வேலை யாருக்கு வந்தது தெரியுமா? ஊசியைத்தான் கேட்டார்கள். "எனக்கு கண்ணு சரியில்ல" என்று துணியைத் திருப்பி அனுப்பிவிட்டாள். அதை அண்ணியிடம் சொல்லவும் இல்லை. டிரைவர்தான் சொன்னார். அண்ணி அன்று காலையில் அதையே நினைத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். வேலை போனால் போகட்டும், இப்படி மனிதர்களைக் கொடுத்த சாமியிடம் இனி எதைக் கேட்கவும் தனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. மனது நிறைந்து, கண் நிறைந்து, ஜாடி மூடியைத் திருகினாள்.

உள்ளே துணி வெட்டிக்கொண்டிருந்த ஊசிக்கு "உவ்வே" என்று ஒரு சத்தம் கேட்டது. பிறகு ஜாடி உருளும் சத்தம்.

"ச்சீ! கருமம், கருமம்! இதப் போயா இத்தன நாளா என் கையால கலக்க விட்டீங்க? மனுஷங்களா நீங்கள்லாம்?"

ஊசி கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு ஓடினாள். அண்ணி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அப்போதுதான் அண்ணிக்கே தான் சொன்னது உறைத்தது. மூக்கிலிருந்து மெதுவாகக் கையை எடுத்தாள், மறுபடியும் பொத்தினாள்.

"கண்ண மூடுங்க" என்றாள் ஊசி. அண்ணி கண்ணை மூடி, யாரும் சொல்லாமலே கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். ஊசி கையில் அகப்பட்டதைப் பிடுங்கிக் கசக்கி நீட்டினாள். அண்ணி மூச்சை இழுத்தாள். ஒன்றுமில்லை. இன்னொரு முறை இழுத்தாள். எங்கோ தூரத்துத் தெருவில் யாரோ எலுமிச்சம்பழம் நறுக்குவது போல மெலிதாக ஒன்று வந்தது, வந்து போயிற்று.

"எலுமிச்சைப்புல்லுடி" என்றாள்.

அதற்கப்புறம் எல்லாம் ஒரே நாளில் திரும்பிவிட்டது என்று சொன்னால் அது கதையாகிவிடும். மெதுவாகத்தான் வந்தது. கொத்தமல்லி இன்றுவரைக்கும் அவளுக்குச் சோப்பு மாதிரிதான் இருக்கிறது. ஆனால் கருகல் நாற்றம் தெரிந்தது, கேஸ் நாற்றம் தெரிந்தது. மேனேஜர் வருஷக் கடைசிக்குள் ஒரு நாள் கண்ணெதிரே சோதித்துப் பார்த்து, கரண்டியை அவளிடமே கொடுத்தார். தற்காலிகமாக வந்தவளும் போகவில்லை, பக்கத்து அடுப்பில் நிற்கிறாள். கொத்தமல்லி விஷயத்தில் அண்ணி அவளைத்தான் கேட்கிறாள்.

தையல் மெஷின் மட்டும் பழைய இடத்துக்கு வரவில்லை. ஜன்னலோரத்தைச் செடிகள் விட்டுக்கொடுக்கவில்லை. பாதி வாளிகளைக் கேண்டீன் கொல்லைக்கு ஏற்றிப்போக டிரைவர் பஸ்ஸில் இடம் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மீன் கரைசல் இப்போது ஊசியின் வேலை. வெல்லத்தை இன்னமும் அவள் சரியாகப் போடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் துணி மாட்டுகிற கிளிப் ஒன்றை மூக்கில் மாட்டிக்கொண்டு பால்கனியில் நின்று கலக்குவாள். சமையலறையிலிருந்து அண்ணியின் குரல் வரும்: "ஏய், அந்தக் கதவச் சாத்துடி, நாறுது!"

ஊசி கதவைச் சாத்துவதில்லை. அண்ணி இன்னொரு முறை சொல்லட்டும் என்று காத்துக்கொண்டு நிற்பாள்.